மயக்கத்தில் பிறந்த சாட்சியம்

பிரான்சின் நான்சி நகரில் 1880களில் மருத்துவப் பேராசிரியராக இருந்தவர் இப்போலிட் பெர்ன்ஹைம். தன்னிடம் சிகிச்சைக்கு வந்த மரீ என்ற பெண்ணை ஹிப்னாடிச உறக்கத்தில் ஆழ்த்தி, அவளிடம் ஒரு சம்பவத்தைச் சொன்னார். அவள் குடியிருக்கும் கட்டடத்தில் ஒரு முதியவர் சிறுமி ஒருத்தியைப் பலாத்காரம் செய்தார். அதை அவள் சாவித்துவாரம் வழியே பார்த்துவிட்டாள். அப்படி எதுவும் நடக்கவே இல்லை. சில நாள் கழித்து, பெர்ன்ஹைமின் நண்பரான வழக்கறிஞர் ஒருவர் விசாரணை நீதிபதியைப் போல வந்து அவளை விசாரித்தார். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். நீதிமன்றத்தில் சத்தியம் செய்து சொல்லவும் தயார் என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. அவளைப் பொறுத்தவரை அது கண்ணால் கண்ட காட்சி.

பெர்ன்ஹைம் இதை எழுதி வெளியிட்டார். ரகசியமாக ஒன்றும் இல்லை. ஆனாலும் சுமார் நூறாண்டு கழித்து அமெரிக்கக் காவல்துறையினர் சாட்சிகளை வரிசையாக மயக்கத்தில் ஆழ்த்தி, மறந்துபோனதை நினைவுபடுத்த முயன்றார்கள். அந்தச் சாட்சியங்களை நம்பி மனிதர்கள் சிறைக்கு அனுப்பப்பட்டார்கள். மரண தண்டனையும் விதிக்கப்பட்டது. ஒருமுறை தெளிவாகத் தெரிந்துகொண்ட உண்மையை ஒரு நாகரிகம் எப்படி இவ்வளவு முழுதாகத் தொலைத்தது? நினைவாற்றலுக்கும் ஹிப்னாடிசத்துக்கும் இடையிலான 240 ஆண்டுக் கதையில் என்னை மிகவும் உறுத்துவது இதுதான்.

கதையின் தொடக்கத்திலேயே ஆசை கலந்துவிட்டது. 1784இல் பிரெஞ்சுப் பிரபு பியூசெகூர், புசான்சி கிராமத்தில் விக்டர் ராஸ் என்ற இளம் விவசாயியை விசித்திரமான உறக்கத்தில் ஆழ்த்தினார். சாதாரணமாகத் திக்கித் திணறும் அந்த இளைஞன் உறக்கத்தில் தெளிவாகப் பேசினான். விழித்ததும் எதுவும் நினைவில்லை. மனிதனுக்குள் பூட்டிவைத்த அறை ஒன்று இருக்கிறது, மயக்கம் அதன் சாவி என்ற எண்ணம் அப்போது வேர்பிடித்தது. அதே ஆண்டு பாரிஸில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் லவாய்சியேயும் இடம்பெற்ற அரசுக் குழு மெஸ்மர் என்ற மருத்துவரின் ‘காந்த சக்தி’ சிகிச்சையைச் சோதித்து, நடப்பதெல்லாம் கற்பனையின் வேலை என்று அறிக்கை கொடுத்தது. கோவாவில் பிறந்து பாரிஸில் வாழ்ந்த ஆபே ஃபாரியா, 1813இல் தொடங்கிய தன் விளக்கக் கூட்டங்களில் இன்னும் ஒருபடி மேலே போனார். சக்தி மயக்குபவரிடம் இல்லை, மயங்குபவரின் மனத்திலேயே இருக்கிறது என்றார். நம் மண்ணில் பிறந்தவர் என்பதால் மட்டும் அவரைச் சொல்லவில்லை. மயங்குபவரின் எதிர்பார்ப்பே எல்லாவற்றையும் நடத்துகிறது என்று கண்டவர்களில் அவர் முன்னோடி. எதிர்பார்ப்பு நடத்தும் இடத்தில் நினைவும் எதிர்பார்ப்புக்கு ஏற்றபடிதானே வரும்?

இருபதாம் நூற்றாண்டு இதை அளந்தும் பார்த்தது. அண்மையில் படித்ததை நினைவுகூர மயக்கம் உதவுவதாகத் தெரியவில்லை என்று உளவியலாளர் கிளார்க் ஹல் 1933இல் வெளியான தன் நூலில் எழுதினார். தேர்வுக் காலத்தில் ஹிப்னாடிசத்தால் பிள்ளைகளின் ஞாபகசக்தியைப் பெருக்கித் தருவதாக வரும் விளம்பரங்களைப் பார்க்கும் பெற்றோர் அந்த ஆண்டைக் கவனிக்க வேண்டும்.

பிறகு சௌசில்லா வந்தது. 1976 ஜூலையில் கலிஃபோர்னியாவின் அந்தச் சிற்றூரில் 26 பள்ளிப் பிள்ளைகளையும் பேருந்து ஓட்டுநர் எட் ரேயையும் மூன்று இளைஞர்கள் கடத்திப் போய், லிவர்மோர் கல்குவாரி ஒன்றில் மண்ணுக்கடியில் புதைத்த சரக்கு வண்டிக்குள் அடைத்தார்கள். ஓட்டுநரும் மூத்த பையன்களும் மெத்தைகளை அடுக்கி ஏறி, கூரைத் திறப்பை மூடியிருந்த பாரத்தைத் தள்ளி, மண்ணை விலக்கி எல்லோரையும் வெளியே கொண்டுவந்தார்கள். பின்னர் ஹிப்னாடிச அமர்வில் எட் ரே கடத்தல்காரர்களின் வேன் ஒன்றின் பதிவு எண்ணைச் சொன்னார். ஒரே ஓர் இலக்கம்தான் தவறு. நாடே அதிசயித்தது. குவாரி உரிமையாளரின் மகனே கடத்தல்காரர்களில் ஒருவன் என்பதால் விசாரணை எப்படியும் அவனிடம் போய்ச் சேர்ந்திருக்கும் என்பதை அப்போது யாரும் பெரிதாகப் பேசவில்லை.

அந்த வெற்றி நிகழ்ந்த காலத்தில் லாஸ் ஏஞ்சலிஸ் காவல்துறையின் உளவியலாளர் மார்ட்டின் ரைசர், காவலர்களுக்கே ஹிப்னாடிசப் பயிற்சி தந்துகொண்டிருந்தார். மூளை வீடியோ ரெக்கார்டர் மாதிரி. பார்த்தது எல்லாம் பதிவாகி இருக்கிறது. சாட்சியை மனத்திரையில் ஓர் ஆவணப்படம் பார்க்கச் சொல்லி, வேண்டிய இடத்தில் நிறுத்தி, பெரிதாக்கிப் பார்க்கவைத்தால் போதும் என்பது அவர் முறை. இது அவருடைய தனிப்பட்ட பிழை மட்டும் அல்ல. எலிசபெத் லாஃப்டஸும் ஜெஃப்ரி லாஃப்டஸும் 1980இல் வெளியிட்ட கணக்கெடுப்பில், கற்றதெல்லாம் மனத்தில் நிரந்தரமாகப் பதிந்திருக்கிறது என்று உளவியலாளர்களிலேயே 84 சதவீதம் பேர் நம்பினார்கள்.

உண்மையில் அப்படியொரு நாடா இல்லை. ஒவ்வொரு முறை நினைக்கும்போதும் மனம் மிச்சம் மீதியை எடுத்து, பொருந்துவதைச் சேர்த்து, நினைவை மறுபடி கட்டுகிறது. விழித்திருக்கும்போது நமக்குள் ஒரு தயக்கம் வேலை செய்கிறது: ‘இது நிஜமாக நடந்ததா, நானாக நினைத்துக்கொள்கிறேனா?’ மயக்கம் அந்தத் தயக்கத்தைத் தளர்த்துகிறது. கற்பனை கூர்மையாகிறது; கூர்மையாகத் தெரிவது நிஜம் என்று படுகிறது. 1983இல் கனடாவில் ஜேன் டைவனும் கென்னத் பவர்ஸும் 60 படங்களைக் காட்டி, ஒரு வாரம் நினைவுகூரச் செய்து, பிறகு மயக்கத்தில் கேட்டார்கள். எளிதில் மயங்குபவர்கள் புதிதாக நிறையச் சொன்னார்கள். அப்படிச் சொன்னதில் பெரும்பகுதி தவறு.

அதே ஆண்டு மான்ட்ரியாலில் லாரன்ஸ், பெரி இருவரும் பெர்ன்ஹைமின் சோதனையைச் சாதுவான வடிவில் திரும்பச் செய்தார்கள். எளிதில் மயங்கக்கூடிய 27 பேரை, சென்ற வாரத்தில் ஓர் இரவுக்கு மயக்கத்தில் அழைத்துப் போனார்கள். ‘ஏதோ பெரிய சத்தம் கேட்டு நீங்கள் விழித்தீர்களா?’ என்று கேட்டு அந்த எண்ணத்தை ஊட்டினார்கள். மயக்கம் தெளிந்த பிறகும் 13 பேர் சத்தம் கேட்டதாகவே சொன்னார்கள். அது ஆய்வாளர் சொன்ன யோசனைதான் என்று விளக்கிய பின்னும் சிலர் விடவில்லை. பொய்ச் சாட்சியைக் குறுக்கு விசாரணை உடைக்கும். உண்மையென மனமார நம்பும் சாட்சியை என்ன கேட்டு உடைப்பது? தவறான விவரத்தைவிட அதன்மேல் ஏறி உட்காரும் உறுதியே ஆபத்தானது. நடுவர்கள் எடைபோடுவது அந்த உறுதியைத்தான்.

நீதிமன்றங்கள் மெல்ல விழித்தன. 1980இல் மின்னசோட்டா உச்ச நீதிமன்றமும் 1982இல் கலிஃபோர்னியா உச்ச நீதிமன்றமும் இத்தகைய சாட்சியத்துக்குக் கதவடைத்தன. 1985இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் அறிவியல் குழு, மயக்கத்தில் மீட்ட நினைவு சாதாரண நினைவைவிட நம்பகமானது அல்ல என்றது. ஆனால் டெக்சாஸ் சில நிபந்தனைகளோடு இதை அனுமதித்து வந்தது.

அதன் விளைவை ஒரு வழக்கில் பார்க்கலாம். 1998 ஜனவரியில் டாலஸ் அருகே ஃபார்மர்ஸ் பிராஞ்ச் என்ற ஊரில் ஒரு மூதாட்டி வீட்டுக்குள் சுட்டுக்கொல்லப்பட்டார். பக்கத்து வீட்டுப் பெண், விடியும் நேரத்தில் வண்ணமயமான ஃபோக்ஸ்வாகன் காரிலிருந்து இருவர் இறங்கியதை ஜன்னல் வழியே பார்த்திருந்தார். இருவரும் நீண்ட முடிவைத்த வெள்ளையர்கள் என்றார். சில நாளில் ஒரு காவலர் அவரை மயக்க நிலைக்குக் கொண்டுபோனார். ரைசர் சொன்ன அதே ஆவணப்பட உத்திதான். நாள் போகப்போக இன்னும் நினைவு வரலாம் என்றும் சொல்லி அனுப்பினார். சுமார் 13 மாதம் கழித்து, நீதிமன்றத்தில் குற்றவாளிக் கூண்டில் இருந்த சார்லஸ் ஃப்ளோரஸை அந்தப் பெண் உறுதியாக அடையாளம் காட்டினார். ஃப்ளோரஸ் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினர். முடியை ஒட்ட வெட்டியிருந்தவர். அவருக்கு மரண தண்டனை. அதே வழக்கில் தானே சுட்டதாக ஒப்புக்கொண்ட இன்னொருவரான வெள்ளையருக்கு 35 ஆண்டு சிறை. அவர் 2016இல் பரோலில் வெளியே வந்துவிட்டார். ஃப்ளோரஸ் நிரபராதி என்று இங்கே உட்கார்ந்து தீர்ப்புச் சொல்ல என்னால் முடியாது. ஆனால் இப்படி வந்த அடையாளத்தின் மேல் ஒரு மனிதனின் உயிரை நிறுத்தியது அநியாயம் என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் இல்லை.

நம் நாட்டிலும் இதே ஆசை வேறு உருவில் வந்தது. பென்டதால் ஊசி போட்டு அரைமயக்கத்தில் உண்மையை வரவழைக்கும் நார்கோ சோதனை சில ஆண்டுகள் தொலைக்காட்சிச் செய்திகளில் கொடிகட்டிப் பறந்தது. 2010 மே மாதம் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், சம்மதம் இல்லாமல் அதை யார்மீதும் நடத்தக்கூடாது என்று உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையிலான அமர்வு தீர்ப்பளித்தது. சம்மதித்துச் செய்துகொண்டாலும் அங்கே பேசிய பேச்சு சாட்சியம் ஆகாது என்றும் சொன்னது. அந்தத் தீர்ப்பை நான் பெருமையோடு நினைக்கிறேன்.

மயக்கம் இல்லாமலே நல்ல வழி இருக்கிறது என்பதும் தெரிந்ததுதான். உளவியலாளர்கள் கைசல்மனும் ஃபிஷரும் 1980களில் உருவாக்கிய நேர்காணல் முறையில் சாட்சி விழித்தபடியே இருக்கிறார். இடத்தையும் மனநிலையையும் திரும்ப எண்ணிப் பார்க்கிறார், அற்பமென்று படுவதையும் சொல்கிறார், சம்பவத்தைக் கடைசியிலிருந்து தொடக்கத்துக்குச் சொல்கிறார். கேட்பவர் குறுக்கிடுவதில்லை. 1985இல் ஒப்பிட்டபோது, ஹிப்னாடிசத்துக்குக் குறையாமல் சரியான விவரங்கள் கிடைத்தன. அதற்குப் பிறகும் டெக்சாஸ் ரேஞ்சர்கள் ஹிப்னாடிசத்தைக் கைவிட 2021 ஆயிற்று. ஹிப்னாடிசச் சாட்சியத்தைத் தடுக்கும் சட்டம் 2023 செப்டம்பர் 1இல்தான் அங்கே நடைமுறைக்கு வந்தது. அந்தத் தேதி முதல் தொடங்கும் வழக்குகளுக்கு மட்டுமே அது பொருந்தும். முன்பே தீர்ந்துபோன வழக்குகளையும், மயக்கத்தில் விசாரிக்கப்பட்ட சாட்சிகள் யார் யார் என்று தேடியெடுத்து, டெக்சாஸ் மறுபடி விசாரிக்க வேண்டும்.