இயந்திர நோக்கு: நிற்க மறுக்கும் ஜீப்பு

டேராடூனிலிருந்து அன்பர் ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். இராணுவத்தில் பணியாற்றி ஓய்வு பெற்ற தம் தந்தையாரின் விருப்பத்திற்காக, 1944ஆம் ஆண்டில் செய்யப்பட்ட வில்லிஸ் ஜீப்பு ஒன்றை வாங்கி ஈராண்டு உழைத்துப் புதுப்பித்திருக்கிறாராம். எஞ்சின் சீராக ஓடுகிறது, வர்ணமும் பூசியாயிற்று. பிரேக்கில் மாத்திரம் குறை. நான்கு சக்கரங்களுக்கும் புது லைனிங், புது ரப்பர், புது ஆயில் எல்லாம் போட்டும், மிதித்தால் பெடல் கல்லைப்போல் நிற்கிறதாம், வண்டிதான் நிற்கவில்லையாம். தந்தையாரை முசௌரிக்கு அழைத்துச் செல்ல நாளும் குறித்துவிட்டார்.

அந்த நாளை முதலில் தள்ளிவைக்க வேண்டும் என்பதே நம் விடை. முசௌரிக்கு ஏறுவதில் பிரேக்கிற்கு என்ன வேலை? இறங்கும்போதன்றோ அதற்குச் சோதனை! மேலும் இவ்வண்டியின் பிரேக் குழாய்கள் யாவும் ஒரே மாஸ்டர் சிலிண்டரின் ஒரே அறையிலிருந்து புறப்படுவன. ஒரு பாதி பழுதானாலும் மறு பாதி காக்கும் என்னும் இக்கால ஏற்பாடு அதில் இல்லை. எங்கேனும் ஒரு ரப்பர் ஹோஸ் வெடித்தால் நான்கு சக்கரங்களும் ஒருங்கே பிரேக்கை இழக்கும்.

இனி, பிரேக் பலவீனம் என்று பொதுவாகச் சொல்வதில் பயனில்லை. பெடல் என்ன சொல்கிறது என்று காலால் கேட்டறிதல் வேண்டும். பஞ்சுபோல் அமுங்கினால் குழாயில் காற்று இருக்கிறது. மாஸ்டர் சிலிண்டருக்கு மிகத் தொலைவிலுள்ள சக்கரத்தில் தொடங்கி ஏர் எடுத்தல் வேண்டும். இரண்டு மூன்று முறை மிதித்தபின் பெடல் உயர்ந்து உறுதிப்படுமானால், ஷூவுக்கும் டிரம்முக்கும் இடைவெளி மிகுந்துவிட்டது என்று கொள்க. மிதித்தபடி வைத்திருக்கையில் மெல்ல மெல்லக் கீழிறங்கினால் கசிவு உண்டு. வெளியே ஈரம் காணாவிடின் மாஸ்டர் சிலிண்டரின் உள் ரப்பரையே ஐயுறுக. இவை யாவும் தொழிலாளர் எவரும் அறிந்தவை.

நம் அன்பரின் குறை இவற்றின் வேறானது. பெடல் கல்லைப்போல் நிற்கிறதென்றால் ஆயில் பெரும்பாலும் தன் கடமையைச் செய்கிறது என்றே பொருள். அந்த அழுத்தம் டிரம்மில் உராய்வாக மாறாமல் எங்கோ வீணாகிறது. ஆகவே மீண்டும் மீண்டும் ஏர் எடுத்துக்கொண்டிருப்பது வீண் வேலை.

எந்தச் சக்கரம் உழைக்கவில்லை என்பதை முதலில் கண்டறிக. ஆளில்லாத சமதரையில் மெதுவாக ஓட்டிப் பத்துப் பன்னிரண்டு முறை நிறுத்தியபின், நான்கு டிரம்களின் அருகிலும் கையைக் கொண்டுபோய்ப் பார்க்கவும், தொடவேண்டாம், சுடும். சூடேறாத டிரம் வேலை செய்யாத டிரம். அங்கே வீல் சிலிண்டரின் பிஸ்டன் துருவேறி இறுகியிருக்கலாம். பழைய ஹோஸின் உட்புறம் வீங்கி வழியை அடைத்திருக்கலாம். வெளியே பளபளக்கும் ஹோஸும் உள்ளே அழுகியிருப்பதுண்டு. ஆதலால் வயது தெரியாத ஹோஸை மாற்றிவிடுவதே நலம்.

நான்கும் சூடேறியும் வண்டி நிற்கவில்லையா? டிரம்மைக் கழற்றி லைனிங்கை நோக்குக. அச்சுக் குழாயின் சீல் கசிந்தோ, ஹப்பில் கிரீஸை அளவுக்கு மீறி அடைத்ததாலோ, லைனிங் எண்ணெய் குடித்திருக்கும். அதைப் பெட்ரோலில் கழுவி மீண்டும் மாட்டுவது நம் பட்டறைகளின் பழைய வழக்கம். நாம் இதை ஒப்புவதில்லை. சூடேறியதும் உள்ளே ஊறிய எண்ணெய் மறுபடி மேலே வரும். சீலை மாற்றிய பின்னரே புது லைனிங் போடத் தகும்.

எண்ணெய் இல்லையேல் வடிவத்தைச் சோதிக்கவும். தேய்ந்த டிரம்மைக் கடைசல் பிடித்தால் அதன் உள்வட்டம் பெரிதாகும். பழைய அளவுக்கு வளைத்த லைனிங் அதனுள் நடுப்பகுதியில் மட்டுமே படும். டிரம்மின் உட்புறம் சாக்கட்டியைத் தேய்த்து மாட்டி, பிரேக்கை இலேசாக மிதித்தபடி சக்கரத்தைச் சுழற்றிக் கழற்றிப் பார்த்தால், வெண்மை ஒட்டிய இடமே பிடிக்கும் இடம் என்பது விளங்கும். கையகல நீளத்தில் விரலகலமே வெளுத்திருந்தால், புது லைனிங் போட்டும் பயனில்லாத காரணம் அதுவே. லைனிங்கை டிரம்மின் அளவுக்கு உராய்த்துக் கொடுக்கப் பழகிய கடைகள் உண்டு. பழைய லைனிங்கில் அஸ்பெஸ்டாஸ் இருக்கும். அத்தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது, ஈரத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். நுரையீரலுக்கு அது நஞ்சு.

மாற்றிப் பூட்டிய உறுப்புகளும் இக்குறைக்குக் காரணமாவதுண்டு. இவ்வண்டியில் ஒவ்வொரு சக்கரத்திலும் முன்னோக்கிய ஷூவின் லைனிங் நீளமானது, பின்னோக்கியதன் லைனிங் குட்டையானது. முன்செல்லும்போது டிரம்மே முன் ஷூவை இழுத்துத் தன்னோடு இறுக்கிக்கொள்வதால் அதற்கு வேலை அதிகம். இவற்றை இடம் மாற்றிப் போட்டால் பிடிப்புக் குறையும். அதனினும் பெரிய பிழை வீல் சிலிண்டரில் நேர்வது. முன் சக்கரத்தினது 1 அங்குல விட்டம், பின் சக்கரத்தினது முக்கால் அங்குலம். அழுத்தம் ஒன்றேயாயினும், பரப்பளவுப்படி முன்னே 16 பங்கு விசை என்றால் பின்னே 9 பங்குதான். பார்வைக்கு ஒன்றுபோலிருக்கிறது என்று முக்கால் அங்குலத்தை முன்னே பூட்டிவிட்டால், முன் பிரேக்கின் வலிமையில் ஏறத்தாழ பாதி போய்விடும். விடுதலைக்குப் பின் நம் நாட்டிலேயே ஜீப்புகள் தயாரானமையால் உதிரிகளுக்குப் பஞ்சமில்லை. அந்த வசதியே இத்தகைய கலப்புக்கும் இடம் தருகிறது. கடைக்காரர் சொல்லை நம்பாமல் அளவுகோல் வைத்துப் பார்த்து வாங்குக.

இவ்வளவும் செய்தபின், எதிர்பார்ப்பையும் சற்றே திருத்திக்கொள்ள வேண்டும். 1941 முதல் 1945 வரை வில்லிஸ், போர்டு ஆகிய இரு கம்பெனிகளும் சேர்ந்து செய்த 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளில், காலுக்குத் துணைசெய்யும் வாக்குவம் பூஸ்டர் கிடையாது. ஒரு டன்னுக்குச் சற்று மேற்பட்ட வண்டியை 9 அங்குல டிரம்கள் நிறுத்துகின்றன. மிதிப்பவரின் கால் வலிமையே வலிமை. பூஸ்டர் உள்ள வண்டிகளுக்கென்று செய்த கடின லைனிங் இதற்கு ஒவ்வாது. மென்மையானதைக் கேட்டு வாங்குக. 11 அங்குல டிரம் மாட்டிக்கொள்வோரும் உளர். நாள்தோறும் மலையில் ஓட்டுவோருக்கு அது தகும். பழைமை காக்க விரும்புவோருக்கு அது தேவையில்லை. செவ்வையாய்ச் சரிசெய்த 9 அங்குல பிரேக், காலை ஊன்றி மிதித்தால் நேராக நிறுத்தும்.

கைப்பிரேக்கையும் மறவற்க. அது சக்கரங்களில் இல்லை. டிரான்ஸ்பர் கேஸின் பின்புறம், தண்டில் உள்ள சிறு டிரம்மைப் பட்டையால் கவ்வுகிறது. குழாய் வெடித்த நாளில் அது ஒன்றே மிஞ்சும். டிரான்ஸ்பர் கேஸின் சீல் கசிந்தால் எண்ணெய் நேரே அப்பட்டையில்தான் இறங்கும். ஆகவே மலைக்குப் புறப்படுமுன் அதையும் கழற்றிப் பார்த்துவிடுக. இறக்கத்தில், ஏறிய கியரிலேயே இறங்குக.