பழுக்கவைக்கும் வளி

கோடை பிறந்ததும் மாம்பழக் கடையில் ஒரு வினா தவறாமல் எழுகிறது: "இது மரத்தில் பழுத்ததா, பழுக்கவைத்ததா?" அச்சம் நியாயமானதே, வினாதான் பிழையானது. மரத்திலேயே பழுத்த கனி, நெடுந்தொலைவு செல்வதற்குள் அழுகிவிடும். ஆகவே தொலைவூர்ச் சந்தைக்கு வரும் பழம் பெரும்பாலும் காயாகப் பறித்துக் கனியவைக்கப்பட்டதே. எதைக்கொண்டு என்பதே கேட்கத்தக்கது.

கனியவைப்பது எத்திலீன் என்னும் வளி. கார்பன் அணு இரண்டும் ஹைட்ரஜன் அணு நான்கும் சேர்ந்த ஹைட்ரோகார்பன் அது. நிறமற்றது, இலேசான இன்மணம் உடையது, எளிதில் தீப்பற்றும். ஆலைகளில் அதிலிருந்து பாலித்தீன் செய்கின்றனர். அதே வளியை முற்றிய மாவும் வாழையும் தாமே சுரக்கின்றன. அதன் தூண்டுதலால் காயின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது.

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் வாழைத்தாருக்குப் புகைமூட்டம் போடுவர். மாங்காயை அரிசிப் பானையில் புதைத்து வைப்பர். புகையில் எத்திலீன் உண்டு. அரிசியோ, காய் வெளிவிடும் எத்திலீனைச் சிதறவிடாமல் காக்கிறது. வளியின் பெயர் அறியாதவர்களும் அதன் பயனை அறிந்திருந்தனர்.

கார்பைடு கல் வேறு. ஈரம் பட்டால் அது அசிட்டிலீன் என்னும் வளியை வெளிவிடும். ஆக்சிஜனுடன் எரிகையில் 3000 டிகிரி செல்சியசுக்கும் மேற்பட்ட வெப்பம் தரும் அவ்வளி, வெல்டிங் பட்டறைக்கு உற்ற துணை. அதுவும் காயைப் பழுக்கச் செய்யும். எனினும், அக்கல்லில் ஆர்செனிக், பாஸ்பரஸ் ஆகிய நச்சுக் கலப்புகள் இருக்கக்கூடும். அதனால் 2011ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு விதிகள் கார்பைடால் பழுக்கவைத்த பழங்களின் விற்பனையைத் தடைசெய்கின்றன. எத்திலீனைப் பத்து இலட்சத்தில் 100 பங்கு வரை பயன்படுத்த அனுமதி உண்டு.

இரண்டையும் 'மருந்து' என்று ஒரே பெயரால் வெறுப்பது முறையன்று. அவ்வாறு வெறுத்தால், விதிப்படி நடக்கும் வணிகரும் கல் வைப்பவரும் மக்கள் கண்ணுக்கு ஒன்றாகிவிடுவர். நேர்மைக்குப் பயனில்லாமற் போகும்.

எத்திலீனுக்கும் எல்லை உண்டு. பிஞ்சிலே பறித்த காயின் தோல் மஞ்சளாகலாம், சுவை வராது. 'தானாகக் கனியாததைத் தடிகொண்டு கனியவைப்பது' என்னும் பழமொழி இதற்கே பொருந்தும். குற்றம் வளியினுடையது அன்று, மனிதரின் அவசரத்தினுடையது.

ஐயம் தீராதவர்க்கு எளிய வழி ஒன்று உண்டு. முற்றிய காயாக வாங்கி அரிசிக்குள் வைத்துச் சில நாள் காத்திருக்கலாம். தில்லியின் அடுக்குமாடி வீட்டிலும் அரிசிப் பாத்திரம் இருக்கிறது. வேண்டுவது பொறுமை மட்டுமே.

சிந்தித்து எழுதுக
1. 'குற்றம் வளியினுடையது அன்று' எனக் கட்டுரை கூறுவது ஏன்?
2. உங்கள் வீட்டில் காயைக் கனியவைக்கும் முறையைப் பெரியோரிடம் கேட்டு ஐந்து வரிகளில் எழுதுக.