லாமியாவின் வாக்குமூலம்

பாம்பாகக் கிடந்தவள் பெண்ணுருப் பெற்று, கொரிந்து நகர இளைஞன் லைசியஸைக் காதலிக்கும் கதைதான் ஜான் கீட்ஸின் 'லாமியா'. 1819இல் எழுதி, மறு ஆண்டு நூலாக வெளியிட்டார். கதை எங்கே கிடைத்தது என்பதை அவர் மறைக்கவில்லை. ராபர்ட் பர்ட்டன் 1621இல் வெளியிட்ட 'அனாட்டமி ஆஃப் மெலன்கலி'யிலிருந்து அந்தப் பத்தியையே கவிதையின் இறுதியில் அச்சிட்டார்.

பர்ட்டனுக்கு மூலம், கி.பி. 3ஆம் நூற்றாண்டில் ஃபிலாஸ்ட்ரேட்டஸ் கிரேக்கத்தில் எழுதிய அப்பொலோனியஸ் சரிதம். அதில் ஞானி அப்பொலோனியஸ் கல்யாண விருந்துக்கு வந்து மணப்பெண்ணின் வேஷத்தைக் கலைக்கிறார். பொன்னும் வெள்ளியுமாக இருந்த பாத்திரங்களும் பணியாட்களும் மாயமாகிறார்கள். அழுவதுபோல் கெஞ்சுகிறாள், ஞானி விடவில்லை. மாப்பிள்ளையை இன்பத்தில் ஊட்டிக் கொழுக்கவைத்துத் தின்ன வந்ததாகக் கடைசியில் ஒப்புக்கொள்கிறாள். பர்ட்டனின் பத்தியில் அழுகை உண்டு, இந்த வாக்குமூலம் இல்லை. ஆக, கீட்ஸின் கைக்கு வந்து சேர்ந்தவள் குற்றம் நிரூபிக்கப்படாத பெண்.

பழைய கதையில் ஞானி இளைஞனைக் காப்பாற்றுகிறார். கீட்ஸிடம் ஞானியின் பார்வை பட்டு அவள் மறைகிறாள்; அன்றிரவே லைசியஸும் சாகிறான். அதற்காக லாமியாவை அவர் உத்தமியாக்கிவிடவில்லை. தான் யார் என்பதை அவள் காதலனிடம் சொல்வதில்லை. அவனும், அவள் வேண்டாம் என்று மன்றாடியும், ஊருக்குக் காட்டிப் பெருமைப்படவே விருந்து வைக்கிறான்.

இன்னும் பின்னால் போனால் கிரேக்கப் புராணத்து லாமியா, ஜீயஸ் விரும்பிய லிபிய அரசி. பொறாமையில் ஜீயஸின் மனைவி ஹீரா அவள் குழந்தைகளை அழிக்க, துக்கம் முற்றிப் பிறர் குழந்தைகளைக் கவரும் பூதமானாள் என்கிறது கதை. ஜீயஸ் மீது வழக்கில்லை. பெற்ற தாயின் பெயர் பிள்ளைகளைப் பயமுறுத்தப் பயன்பட்டது.

தொன்ம மறுஆக்கம் என்ற பெயரில் இன்று எழுதப்படும் பலவற்றில் பாத்திரங்களின் பேச்சு மட்டுமே புதிது; தீர்ப்பு பழையதுதான். கீட்ஸ் மூலத்தையும் வாசகர் கையில் கொடுத்து, தீர்ப்பையும் மாற்றினார். எழுதும் நண்பர்களிடம் நாங்கள் கேட்பது அந்த இரண்டையும்தான்: மூலத்தை மறைக்காதீர்கள், அதன் தீர்ப்புக்குக் கட்டுப்படாதீர்கள்.

— ஆசிரியர் குழு