விதி இடம் தரவில்லை

கடற்கரையில் பிரெஞ்சுப் போர் நினைவுச் சின்னத்துக்கு எதிரே மாலையில் உட்காரும் எங்கள் கூட்டத்தில் போன வாரம் ஒரு வாக்குவாதம். இரண்டாம் உலகப் போரின்போது பிரான்சின் மனநோய் மருத்துவமனைகளில் நடந்த சாவுகளைப் பற்றிப் பேச்சு வந்தது. நண்பர் ஒருவர் ஒரே வரியில் முடித்துவிட்டார்: "போர்க்காலம் ஐயா! ஊரே பட்டினி. யார் என்ன செய்திருக்க முடியும்?" எல்லோரும் தலையாட்டினார்கள். எனக்கு அப்போது பதில் வாயில் வரவில்லை. வீட்டுக்கு வந்து யோசித்ததை இங்கே எழுதுகிறேன்.

1940 முதல் 1944 வரை அந்த மருத்துவமனைகளில் பசியாலும், பசி கூட்டிவந்த நோய்களாலும் இறந்தவர்கள் சுமார் 45,000 பேர். ஜெர்மனியில் மனநோயாளிகளை விஷவாயு வைத்துக் கொன்றார்கள். அதற்கு மேலிடத்து உத்தரவு இருந்தது. பிரான்சில் அப்படி உத்தரவு கிடையாது. ரேஷன் அட்டை இருந்தது. 1941இல் பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 275 கிராம் ரொட்டி. அட்டையில் வருவதை மட்டும் தின்று யாரும் பிழைக்க முடியாது என்று ஊருக்கே தெரியும். அதனால் வெளியே இருந்தவர்கள் கள்ளச் சந்தைக்குப் போனார்கள். கிராமத்து உறவினரிடம் உருளைக்கிழங்கு வாங்கி வந்தார்கள். கொல்லையில் முயல் வளர்த்தார்கள். பூட்டிய கதவுக்குள் இருந்தவன் எங்கே போவான்?

லியோன் நகரத்து வினாத்தியே மருத்துவமனையில் மட்டும் ஏறக்குறைய 2,000 பேர் இறந்தார்கள். சிற்பி காமில் குளோதெல் முப்பது வருடம் அடைபட்டுக் கிடந்து, அவிஞோன் அருகே மோந்தெவெர்க் மருத்துவமனையில் 1943 அக்டோபரில் இறந்தார். 1937இல்தான் 'அஸில்' என்ற பழைய பெயரை எடுத்துவிட்டு 'மனநோய் மருத்துவமனை' என்று பெயர் மாற்றியிருந்தார்கள். பெயர்ப்பலகை மாறி மூன்று வருடத்தில் உள்ளே பட்டினி.

அந்தக் காலத்தில் இப்படி ஓர் இடத்தில் வேலை பார்த்த இளம் மருத்துவரை நினைத்துப் பாருங்கள். இன்றைய மாத்திரை எதுவும் இல்லை. குளோர்புரோமசின் வந்ததே 1952இல்தான். ஒருவர் தலையில் நூற்றுக்கணக்கான நோயாளிகள். காலையில் வார்டைச் சுற்றினால் வீங்கிய கால்கள். எடை பார்த்தால் மாதாமாதம் இறங்கும் எண்கள். பிறகு மேசையில் உட்கார்ந்து இறப்புச் சான்றிதழில் கையெழுத்து. படித்த வைத்தியம் ஒரு பக்கம் கிடக்க, வேண்டியது சோறு.

அப்படி மனநோய் மருத்துவமனையில் வேலை பார்த்தவர்களில் ஒருவர் டாக்டர் அதெலாயித் ஓட்வால். அல்சாசில் ஒரு பாதிரியாரின் மகள், 1906இல் பிறந்தவர், ஸ்திராஸ்பூரில் படித்தவர். போர் வந்ததும் தெற்கே லான்மெசான் மருத்துவமனைக்கு வந்தார். 1942 வசந்தத்தில் அவர் தாயார் இறந்தார். அடக்கத்துக்குப் போக அனுமதி கேட்டார், மறுத்தார்கள். அனுமதியில்லாமலே எல்லைக்கோட்டைக் கடக்கப் போய்ப் பிடிபட்டார். பூர்ஜ் சிறையில் யூதக் கைதிகளை நடத்திய விதத்தைத் தட்டிக் கேட்டார். 'அப்படியானால் நீயும் அவர்களோடு போ' என்று ஆயிற்று. 1943 ஜனவரியில் ஆஷ்விட்சுக்கு அனுப்பினார்கள். அங்கே பெண்கள் மேல் நடந்த சோதனைகளுக்கு உதவச் சொன்னார்கள். மாட்டேன் என்றார். மறுத்தால் என்ன ஆகும் என்று தெரிந்தே சொன்னார். உயிரோடு திரும்பி 1988 வரை வாழ்ந்தார்.

'அவர் பெரிய மனுஷி, எல்லோராலும் முடியுமா?' என்று நண்பர் அடுத்துக் கேட்பார். கேட்கட்டும். லோசேர் மலைப்பகுதியில் சேன்த் அல்பான் என்றொரு மருத்துவமனை. ஸ்பெயினிலிருந்து அகதியாக வந்த தொஸ்கெல் என்ற டாக்டரும், கன்னிகாஸ்திரீகளும், பணியாட்களும், நோயாளிகளும் சேர்ந்து பக்கத்துப் பண்ணைகளில் வேலை செய்து உணவு வாங்கினார்கள். தின்னக்கூடிய காளான் எது என்று நோயாளிகளுக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கூடுதல் ரேஷன் கிடைக்கக் காசநோய் என்று எழுதிக்கொடுத்தார்கள். பொய்ச் சான்றிதழ்தான், ஒப்புக்கொள்கிறேன். அந்தப் பொய்யால் ஆட்கள் பிழைத்தார்கள்.

அதற்கும் மேலே ஒரு சாட்சி இருக்கிறது. 1942 டிசம்பர் 4ஆம் தேதி ஒரு சுற்றறிக்கை வந்தது: மனநோய் மருத்துவமனைகளுக்குக் கூடுதல் உணவு கொடுக்கலாம் என்று. அடுத்த வருடம் சாவு குறைந்தது. நாடு அப்போதும் பட்டினியில்தான் இருந்தது, ஜெர்மன்காரனும் போகவில்லை. ஒரு காகிதத்தால் 1943இல் முடிந்தது 1941இல் ஏன் முடியாது? வேண்டுமென்றே கொன்றார்கள் என்று நான் சொல்லவரவில்லை. யாரும் வேண்டுமென்று நினைக்காமலே, எல்லோரும் விதிப்படி நடந்தே, 45,000 பேர் செத்தார்கள். அதுதான் எனக்குத் தூக்கம் வராமல் செய்கிறது.

ஏனென்றால் நானும் அந்த ஜாதிதான். முப்பது வருடத்துக்கு மேல் கோப்பு பார்த்தவன். ஒரு கிழவியின் குடும்ப ஓய்வூதியக் கோப்பை, பெயரில் ஓர் எழுத்து வித்தியாசம் என்று மூன்று முறை திருப்பி அனுப்பினேன். 'விதி இடம் தரவில்லை' என்று குறிப்பு எழுதினேன். நான்காவது முறை அந்த அம்மா வரவில்லை. ஏன் வரவில்லை என்று நான் விசாரிக்கவும் இல்லை. மேலதிகாரியிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் முடிந்திருக்கும். அன்றைக்குப் போர் எதுவும் நடக்கவில்லை.

பிரெஞ்சு வரலாற்றைப் பிரெஞ்சிலேயே படித்தவன் நான். வெர்தனையும் நோர்மாந்தியையும் தேதியோடு ஒப்பிப்பேன். இந்த 45,000 பேர் எங்கள் பாடத்தில் வரவில்லை. பாரிசில் இவர்களை நினைத்து ஒரு கல்வெட்டு வைத்ததே 2016 டிசம்பரில்தான்.

ஆகையால் நண்பரே, 'யார் என்ன செய்திருக்க முடியும்' என்று இனி என் எதிரே சொல்லாதீர்கள். நான் எழுதிய 'விதி இடம் தரவில்லை'யும் அதுவும் ஒன்றுதான். நாளை மாலை வழக்கமான இடத்தில் இருப்பேன். சண்டை போட வாருங்கள்.