ஸோயி மறந்ததும் பிபிசி அழித்ததும்

அறிவியல் புனைகதை என்றாலே பெரிய திரை, பெரிய விண்கலம், காதைக் கிழிக்கும் வெடிச்சத்தம் என்று ஆகிவிட்டது. வேற்றுக்கிரகவாசி என்றால் பச்சை நிறத்திலாவது ஏதாவது ஒன்று கண்ணுக்குத் தெரிந்தாக வேண்டும். வெறும் காதால் கேட்கிற கதையில் இதெல்லாம் எப்படி எடுபடும் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நினைவு பறிபோன ஒருவரின் கதையைச் சொல்ல, படத்தைவிட ஒலிதான் பொருத்தம். அதைப் பிள்ளைகளும் பெரியவர்களும் சேர்ந்து கேட்டால் இன்னும் நல்லது.

உதாரணத்துக்கு 'டாக்டர் ஹூ'. தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாக: 1963 நவம்பர் 23 அன்று பிபிசி தொலைக்காட்சியில் ஆரம்பித்த பிரிட்டிஷ் தொடர். சனிக்கிழமை மாலையில் குடும்பத்தோடு பார்ப்பதற்கென்றே உருவானது. டாக்டர் என்பவர் மனித உருவில் இருக்கும் வேற்றுக்கிரகவாசி. போலீஸ் பெட்டி போலத் தெரியும் ஒரு வாகனத்தில் காலம், விண்வெளி இரண்டிலும் சுற்றுவார். துணைக்கு மனிதர்கள் சிலரையும் கூட்டிப் போவார்.

பேட்ரிக் ட்ரௌட்டன் நடித்த இரண்டாவது டாக்டருக்கு அப்படி வாய்த்த துணைகள் ஜேமியும் ஸோயியும். ஜேமி 1746-ல் நடந்த கல்லோடன் போர்க்களத்திலிருந்து வந்த ஸ்காட்லாந்து இளைஞன். ஸோயி எதிர்கால விண்வெளி நிலையத்து விஞ்ஞானி, நினைவாற்றலில் புலி. 1969-ல் வந்த 'தி வார் கேம்ஸ்' கதையின் முடிவில் டாக்டரின் சொந்த இனத்தாரான டைம் லார்டுகள் அவரைப் பிடித்து விசாரிக்கிறார்கள். டாக்டருக்குத் தண்டனை நாடு கடத்தல். ஜேமியையும் ஸோயியையும் அவரவர் காலத்துக்குத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். கூடவே, டாக்டரோடு போன முதல் பயணத்தைத் தவிர மற்ற எல்லா நினைவுகளையும் அழித்துவிடுகிறார்கள். எதையோ மறந்துவிட்டோமே என்று ஸோயிக்கு ஒரு கணம் தோன்றுகிறது. பிறகு ஒன்றுமில்லை என்று விட்டுவிடுகிறாள். அவ்வளவுதான்.

இந்தத் தொடரில் எத்தனையோ அரக்கர்கள் வந்து போயிருக்கிறார்கள். எனக்கு எல்லோரையும்விட பயங்கரமாகப் படுவது இந்த ஒரு கணம்தான். யாரும் சாகவில்லை, அடி உதை இல்லை. ஆனால் இரண்டு பேரின் வாழ்க்கையில் மிகச் சிறந்த பகுதியை, அவர்களைக் கேட்காமலேயே எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அதே வேலையை நிஜத்தில் பிபிசியும் செய்தது. அப்போது வீடியோ டேப் விலை அதிகம், அழித்துவிட்டு அதிலேயே வேறு நிகழ்ச்சி பதியலாம். மறு ஒளிபரப்புக்கு நடிகர் சங்க ஒப்பந்தங்களில் கட்டுப்பாடு இருந்தது. வீட்டில் போட்டுப் பார்க்கும் வீடியோ கேசட் என்ற சந்தையும் கிடையாது. ஆகவே பழைய டேப்புகளை அழித்தார்கள். வெளிநாடுகளுக்கு விற்க வைத்திருந்த ஃபிலிம் பிரதிகளையும் தூக்கிப் போட்டார்கள். இப்படி 1960களின் 'டாக்டர் ஹூ' பகுதிகளில் 90-க்கும் மேல் இன்றுவரை கிடைக்கவில்லை.

எவை போயின என்று பாருங்கள். ஜேமிக்கு நினைவில் மிஞ்சியிருப்பது அவனுடைய முதல் கதையான 'தி ஹைலேண்டர்ஸ்'. அதன் நான்கு பகுதிகளில் ஒன்றுகூட பிபிசியிடம் இல்லை. ஸோயிக்கு மிஞ்சியது 'தி வீல் இன் ஸ்பேஸ்'. அதன் ஆறு பகுதிகளில் இரண்டுதான் இருக்கின்றன. அவர்களின் நினைவை அழிக்கும் 'தி வார் கேம்ஸ்' மட்டும் பத்துப் பகுதியும் முழுசாக இருக்கிறது! அதாவது கதாபாத்திரங்களுக்கு விட்டுவைத்த கொஞ்சநஞ்ச நினைவையும் நிறுவனம் தொலைத்துவிட்டது.

சரி, அந்தக் கதைகள் நமக்கு எப்படித் தெரியும்? ஒலியால்தான். அந்தக் காலத்தில் சில ரசிகர்கள் வீட்டில் தொலைக்காட்சி ஓடும்போது அதன் ஒலியை டேப் ரெக்கார்டரில் பதிந்து வைத்திருந்தார்கள். அவர்கள் புண்ணியத்தில், காணாமல் போன ஒவ்வொரு பகுதியின் ஒலியும் இன்று இருக்கிறது. படம் போய்விட்டது, குரல் நிற்கிறது.

அந்தக் குரல்களை வைத்துத்தான் பிக் ஃபினிஷ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம் கதையைத் தொடர்ந்தது. 1999 முதல் உரிமம் பெற்று 'டாக்டர் ஹூ' ஒலி நாடகங்களைத் தயாரிக்கிறார்கள். 2010-ல் வந்த 'எக்கோஸ் ஆஃப் கிரே' நாடகத்தில் ஸோயி நடுவயதைத் தாண்டியவள். எதையும் மறக்காத மூளை அவளுக்கு, ஆனால் நடுவில் ஒரு காலம் மட்டும் காலி. உனக்கு நினைவில்லாததை நினைவூட்டுகிறேன் என்று ஒருத்தி வருகிறாள். மீதியைச் சொல்ல மாட்டேன், கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் :-)

ஒலி ஜெயிப்பது இங்கேதான். தொலைக்காட்சியாக இருந்தால் ஃபிளாஷ்பேக் போட்டு எல்லாவற்றையும் காட்டிவிடுவார்கள். நமக்கு முழுதும் தெரிந்துவிடும், ஸோயிக்குத்தான் தெரியாது. நாடகத்தில் நமக்கும் இருட்டு, அவளுக்கும் இருட்டு. ஒரு சத்தம், ஒரு பெயர், ஒரு குரல் நடுங்குவது என்று இரண்டு பேரும் சேர்ந்துதான் தடவிக்கொண்டு போகிறோம். நினைவு தேடுகிறவரின் நிலைமையும் இதுதானே?

இன்னொன்றும் உண்டு. ஸோயியாகப் பேசுவது 1968-ல் நடித்த அதே வெண்டி பேட்பரி. ஜேமியாகப் பேசுவது அதே ஃப்ரேசர் ஹைன்ஸ். ட்ரௌட்டன் 1987-லேயே காலமாகிவிட்டார். அதனால் பல நாடகங்களில் இரண்டாவது டாக்டரின் வசனங்களையும் ஹைன்ஸே, தன் பழைய நண்பரின் குரலை அப்படியே கொண்டுவந்து பேசியிருக்கிறார். கதைப்படி டாக்டரை மறக்கும்படி செய்யப்பட்டவன் ஜேமி. நிஜத்தில் டாக்டரின் குரலைத் தன் தொண்டையில் காப்பாற்றி வைத்திருப்பவர் அந்த ஜேமிதான். இதைத் திரையில் செய்யவே முடியாது.

இதெல்லாம் பிள்ளைகளுக்குக் கனமான விஷயம், ஜாலியாக ஏதாவது கேட்கட்டும் என்று ஒரு வாதம் உண்டு. ஒப்புக்கொள்ள முடியவில்லை. தாத்தாவோ பாட்டியோ தன் பெயரையே மறந்து நிற்பதைப் பார்க்கும் குழந்தைகள் நிறைய பேர் இருக்கிறார்கள். அதைப் பற்றி அவர்களிடம் யாரும் பேசுவதில்லை. ஒரு சாகசக் கதைக்கு நடுவில், வேற்றுக்கிரகவாசிகளுக்கு நடுவில், மறந்துபோனாலும் ஸோயி ஸோயிதான் என்று கேட்டுவிட்டால் அது மனதில் தங்கும். அவள் மறந்தாலும் நடந்தது நடந்ததுதான். அவள் காப்பாற்றியவர்கள் காப்பாற்றப்பட்டவர்கள்தான். டைம் லார்டுகளால் அதை மட்டும் அழிக்க முடியாது.

மறதியே கருணை, பிரிவின் வலி தெரியாமல் போகும் என்று டைம் லார்டுகள் தரப்பில் யாராவது வாதாடலாம். வலி யாருடையது, அதை வைத்துக்கொள்வதா வேண்டாமா என்று முடிவு செய்வது யார் உரிமை என்பதுதான் என் கேள்வி. ஸோயியிடம் யாருமே கேட்கவில்லையே.

முதன்முறை கேட்பவர்கள் 'தி வார் கேம்ஸ்' கடைசிப் பகுதியைப் பார்த்துவிட்டு 'எக்கோஸ் ஆஃப் கிரே'க்குப் போங்கள். ஆங்கில உச்சரிப்பு ஆரம்பத்தில் கொஞ்சம் படுத்தும், போகப்போகப் பழகிவிடும். முடிந்தால் வீட்டில் தம்பி தங்கைகளையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் கேட்கப்போகும் கேள்விகளுக்கு நான் பொறுப்பல்ல.