ஆணையும் ஆலோசனையும்

வானூர்தி ஒன்று முகில்களுக்கு மேற் பறந்து செல்லுங்கால் அதன் உறுப்புக்களுள் ஒன்று பழுதுறுமாயின், மோட்டார் வண்டியைப் போல அதனை வழியில் நிறுத்திப் பார்த்தல் இயலாது. கப்பலைப் போல நங்கூரமிட்டு ஆராய்தலும் இயலாது. எரிபொருள் உள்ளளவும் காலம் உண்டு, அதன்பின் இல்லை. அக்காலத்துள் எங்கே இறங்குவது, எப்பொழுது இறங்குவது, எதனை முதலிற் செய்வது என்று துணியும் பொறுப்பு தலைமை விமானி ஒருவரையே சார்ந்தது. இதில் ஐயமில்லை. ஆயின், அவர் தாமே எண்ணித் தாமே துணிதல் தக்கதா, உடனிருப்போர் சொல்லைக் கேட்டுத் துணிதல் தக்கதா என்பதே வினா. இதுபற்றி நாம் கொண்ட கருத்தை ஈண்டுக் கூறப் புகுகின்றோம்.

கடலிற் செல்லும் கப்பலின் தலைவனுக்குரிய தனியாட்சி மரபே வானூர்திக்கும் வந்து சேர்ந்தது. தலைமை விமானியின் சொல்லே சட்டம். துணை விமானி ஏவியதைச் செய்பவர், வினவினால் விடை கூறுபவர். பட்டறிவும் துணிவும் மிக்க ஒருவர் தலைமையில் அமர்ந்திருக்கையில் இம்முறை நன்றேபோல் தோன்றும். ஆயின், எத்துணைப் பட்டறிவுடையாரும் ஒன்றிற் கருத்தைச் செலுத்துங்கால் மற்றொன்றைக் காணாது விடுதல் மனித இயல்பு. அவ்வியல்பினால் விளைந்த கேட்டிற்கு ஒரு நிகழ்ச்சியைச் சான்றாகக் காட்டுவோம்.

1978-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 28-ஆம் தேதி, யுனைட்டெட் என்னும் அமெரிக்கக் கம்பெனியின் டி.ஸி.8 வானூர்தி 189 பேருடன் ஒரிகன் மாகாணத்துப் போர்ட்லண்டு நகரை அணுகியது. இறங்குதற்பொருட்டுச் சக்கரங்களை விடுத்தபொழுது வழக்கத்திற்கு மாறான ஓர் அதிர்ச்சி உண்டாயிற்று. சக்கரங்கள் உறுதியாக நின்றதைக் காட்டும் விளக்குக்களும் முறைப்படி எரியவில்லை. சிறகின்மீதுள்ள அடையாளமோ அவை இறங்கியிருப்பதாகவே காட்டிற்று. எனினும், பிரயாணிகளை விபத்திற்கு ஆயத்தஞ்செய்த பின்னரே இறங்கவேண்டும் எனத் தலைமை விமானி கருதினார். ஆதலின் ஏறத்தாழ ஒரு மணி நேரம் நகரின் அருகே வட்டமிட்டார். அவர் கருதியது பிரயாணிகளின் நலமேயன்றிப் பிறிதன்று. ஆயின் எரிபொருள் குறைந்துகொண்டே வந்தது. துணை விமானியும் பொறியாளரும் அதனை அறிந்திருந்தனர். இடையிடையே எடுத்துக் கூறியும் வந்தனர். உடனே இறங்குதல் வேண்டும் என்று மட்டும் அவர்கள் வற்புறுத்தினாரில்லை. முடிவில் எஞ்சின்கள் நின்றன. விமான நிலையத்திற்கு ஏறக்குறைய ஆறு மைல் தொலைவில் ஊர்தி வீழ்ந்தது. பத்துப் பேர் மாண்டனர். அப்பொறியாளரும் அவருள் ஒருவர்.

விபத்தை ஆராய்ந்த அந்நாட்டுத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தாரின் முடிவு சிந்திக்கத் தக்கது. எரிபொருளின் அளவைக் கவனியாமையும், உடனிருந்தோர் கூறியவற்றிற்கேற்ப நடவாமையும் தலைமை விமானியின் குறை என்றனர். நிலைமையின் கடுமையை முற்றும் உணராமையோ, உணர்ந்ததை அவர் மனங்கொள்ளுமாறு உணர்த்தாமையோ மற்றிருவரின் குறை என்றனர். உயிர்களைக் காத்தற்கு வேண்டிய செய்தி வெளியிலிருந்து வரவேண்டியதாயில்லை. அவ்விமானிகளின் அறையினுள்ளேயே இருந்தது. அறிந்தவருக்கும் ஆணையிடுபவருக்கும் இடையில் அது வழிதவறிப் போயிற்று.

இத்தகைய விபத்துக்களைப் பற்றி ஆராய 1979-இல் நாஸா என்னும் அமெரிக்க விண்வெளி நிறுவனத்தார் ஒரு கருத்தரங்கு கூட்டினர். 1981-இல் யுனைட்டெட் கம்பெனியார் தம் விமானிகளுக்கு ஒரு புதிய பயிற்சியைத் தொடங்கினர். தலைவர் துணைவரின் கருத்தைக் கேட்டுப் பெறுதல், துணைவர் தம் ஐயத்தை அஞ்சாது திட்டமாகக் கூறுதல், வேலையைப் பகிர்ந்துகொள்ளுதல், ஒருவர் பழுதை ஆராயும்பொழுது மற்றொருவர் ஊர்தியைச் செலுத்துவதிலேயே கருத்தூன்றுதல் ஆகியவை அதன் சாரம். இன்று உலகெங்கும் விமானிகள் இதனைப் பயில்கின்றனர்.

அதன் பயன் 1989-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 19-ஆம் தேதி வெளிப்பட்டது. அதே கம்பெனியின் டி.ஸி.10 வானூர்தி ஒன்று 296 பேருடன் டென்வரிலிருந்து சிகாகோவிற்குச் செல்லுகையில் வாற்புறத்து எஞ்சின் உடைந்து சிதறிற்று. சிதறிய துண்டுகள் குழாய்களை அறுக்கவே, சுக்கான்களை இயக்கும் எண்ணெய் அமைப்புக்கள் மூன்றும் செயலற்றுப்போயின. இந்நிலைக்கு எக்கையேட்டிலும் வழி கூறப்பட்டிருக்கவில்லை. தலைமை விமானியாகிய ஆல்பிரட் ஹேன்ஸ் யாவர் உதவியையும் நாடினார். பிரயாணியாக வந்திருந்த டென்னிஸ் பிட்ச் என்னும் பயிற்சி விமானி உதவ முன்வந்தபொழுது, தயங்காது அவரை அறைக்குள் அழைத்துக்கொண்டார். எஞ்சிய இரண்டு எஞ்சின்களின் விசையைக் கூட்டியும் குறைத்துமே நால்வரும் ஊர்தியை 44 நிமிடம் செலுத்தி, ஸூ ஸிட்டி விமான நிலையத்தை அடைந்தனர். தரையைத் தொட்டதும் ஊர்தி உடைந்து தீப்பற்றியது. 112 பேர் மாண்டனர். ஆயினும் 184 பேர் பிழைத்தனர். அந்நிலையில் ஊர்தியை நல்ல முறையில் ஓடுபாதையில் இறக்குதல் இயலாத செயல் என ஆராய்ந்தோர் பின்னர்க் கூறினர். அத்தனை பேர் பிழைத்தமைக்குரிய காரணங்களுள் மேற்கூறிய பயிற்சியும் ஒன்றென்று ஹேன்ஸ் தம் சொற்பொழிவுகளிற் கூறிவந்தார்.

நிற்க. ஆபத்து வேளையில் சபை கூட்டி வாதிட நேரமேது எனச் சிலர் வினவக்கூடும். நியாயமான வினாவே. 2009-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 15-ஆம் தேதி நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட வானூர்தி ஒன்றின்மீது பறவைக்கூட்டம் மோதியதால் அதன் இரண்டு எஞ்சின்களும் வலியிழந்தன. ஹட்ஸன் ஆற்றில் இறங்கும்வரை கிடைத்த காலம் ஏறத்தாழ மூன்றரை நிமிடமே. தலைமை விமானி ஸல்லன்பர்கர் ஊர்தியைத் தாமே கைக்கொண்டார். துணை விமானி ஸ்கைல்ஸ் எஞ்சின்களை மீண்டும் இயக்க முயன்றார். நீரை நெருங்கும் வேளையிலும், வேறு யோசனை உண்டோ எனத் தலைவர் துணைவரை வினவினார். வேறு யோசனை இல்லை. 155 பேரும் பிழைத்தனர். ஆலோசனை வேறு, வாக்கெடுப்பு வேறு. முடிவு ஒருவருடையதே, அம்முடிவிற்கு வேண்டிய அறிவு மட்டும் பலரிடமிருந்து வருதல் வேண்டும். வினவுதற்கும் விடைபெறுதற்கும் சில விநாடி போதும்.

ஆகவே, பிறர் சொற்கேட்டல் தலைமைக்கு இழுக்கு என்பாரோடு நாம் உடன்படோம். சிறியோர் துணிந்து பேசக் கற்றலே போதும் என்பாரோடும் முற்றும் உடன்படோம். பெரியோர் முன் அடங்கிப் பேசுதலைப் பண்பெனக் கொண்ட எச்சமூகத்திலும், துணிவை இளையோர்மீது மட்டும் சுமத்துதல் நேர்மையன்று. சொல்லுவோர்க்கு இடம் அளிக்கும் கடமை கேட்போருடையது; அதுவே மூத்த கடமை. அவ்விடம் கிடைத்தபின்னும் உண்மையை மரியாதை என்னும் போர்வையில் மறைத்து மெல்லக் கூறுபவர், தாம் மதிக்கும் தலைவருக்கே தீங்கிழைக்கின்றனர்.

நம் கல்லூரி மாணவருட் பலர் நாளை மருத்துவராகவும், பொறியாளராகவும், அலுவலகத் தலைவராகவும் விளங்குவர். சத்திரசிகிச்சை அறையிலும், இயந்திரசாலையிலும் இளையவர் ஒருவர் தாழ்ந்த குரலில் ஐயம் ஒன்றைக் கூறும் நாள் அவர்க்கு வரும். அன்று கைவேலையைச் சற்றே நிறுத்தி, 'நீர் கண்டது யாது?' என வினவுதலே தலைமைக்கு அழகு என்பது நம் துணிபு.