'பார்மட்' அடிக்கும் முன்...

சி.டி. போடுவதற்கு இடமே இல்லாத ஒரு கணிப்பொறியில், "சி.டி. டிரைவ் E" என்று ஒரு சின்னம் திடீரென்று தோன்றினால் நீங்கள் என்ன செய்வீர்கள்?

கிருஷ்ணகிரியில் நான் வேலை பார்க்கும் கல்லூரியின் இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் இது உண்மையிலேயே நடந்தது. முதல் நாள் மாலை C, D என்று இரண்டே டிரைவ்கள் இருந்தன. மறுநாள் காலை மூன்றாவதாக ஒன்று முளைத்திருந்தது. "வைரஸ் சார்" என்றார் ஒருவர். "எதற்கு வம்பு? பார்மட் அடித்துவிடலாம்" என்றார் இன்னொருவர். எந்த நோய்க்கும் இந்த ஒரே மருந்தைச் சொல்வது நம் பக்கத்து வழக்கமாகிவிட்டது. அதைப் பற்றித்தான் இன்று உங்களிடம் பேசப் போகிறேன்.

இரண்டாம் ஆண்டு மாணவன் ஒருவன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் மேசைக்கு அடியில் குனிந்தான். பெட்டியின் பின்புறத்தில், கட்டைவிரல் நகத்தளவில் ஒரு 'வைஃபை' துண்டு செருகப்பட்டிருந்தது. இணையம் வேண்டும் என்று முதல் நாள் மாலை யாரோ செருகியது. அதைப் பிடுங்கினான், டிரைவ் மறைந்தது. மீண்டும் செருகினான், டிரைவ் வந்தது. மூன்றாம் முறையும் பிடுங்கிச் செருகினான். அந்த மூன்றாம் முறைக்காகவே அவனை எனக்குப் பிடித்துப் போயிற்று.

வைஃபை துண்டுக்கும் சி.டி.க்கும் என்ன சம்பந்தம்? இங்கேதான் சுவையான செய்தி இருக்கிறது. யு.எஸ்.பி. துளையில் எதைச் செருகினாலும், கணிப்பொறி முதலில் "நீ யார்?" என்று கேட்கிறது. செருகப்பட்ட பொருள் "நான் விசைப்பலகை", "நான் சேமிப்பகம்" என்று ஓர் எண்ணால் பதில் சொல்கிறது. கணிப்பொறி அதை அப்படியே நம்பிவிடுகிறது. வைஃபை துண்டு வேலை செய்ய ஒரு மென்பொருள் தேவை. அதைத் தனிச் சி.டி.யில் கொடுத்தால் செலவு, தொலைந்தும் போகும். எனவே தயாரிப்பாளர்கள் மென்பொருளைத் துண்டுக்குள்ளேயே வைத்து, முதலில் "நான் ஒரு சி.டி. டிரைவ்" என்று சொல்ல வைத்தார்கள். மென்பொருள் கணிப்பொறியில் ஏறியதும், அந்தத் துண்டு வேடத்தைக் கலைத்துவிட்டுத் தன் உண்மைத் தொழிலுக்குத் திரும்பும். சில சமயம் வேடம் முழுதாகக் கலைவதில்லை. அப்போது தெரிவதுதான் அந்த 'ஆவி' டிரைவ். 2010ஆம் ஆண்டையொட்டிப் பரவலாக இருந்த 'டேட்டா கார்டு'களும் இதே வேடம்தான் போட்டன.

ஓசூர்ப் பக்கத்து மாணவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ஜூஜூவாடியில் நின்றுகொண்டு கைப்பேசியைப் பார்த்தால், நீங்கள் தமிழ்நாட்டிலேயே இருக்க, அது கர்நாடகக் கோபுரத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும். வெளிமாநிலத்துக்குத் தனிக் கட்டணம் இருந்த நாட்களில், எல்லையைத் தாண்டாமலேயே பணம் இழந்தவர்கள் உண்டு. உங்கள் கால் எந்த மண்ணில் நிற்கிறது என்று கைப்பேசிக்குத் தெரியாது. கோபுரம் சொன்ன பெயர்தான் அதற்குத் தெரியும்.

டிரைவ் எழுத்தும் அப்படி ஒரு பெயர்தான். அது ஒரு பொருள் அல்ல. இந்த உண்மை இன்று நேற்று வந்ததும் அல்ல. 1981இல் ஐ.பி.எம். நிறுவனம் தனிநபர் கணிப்பொறியை வெளியிட்டபோது A, B என்ற எழுத்துகள் நெகிழ்வட்டு டிரைவ்களுக்கு உரியவை. ஒரே ஒரு டிரைவ் மட்டும் இருந்த பெட்டியிலும் 'டாஸ்' அமைப்பு A, B என்று இரண்டு பெயர்களையும் ஏற்றுக்கொள்ளும். B என்று கேட்டால், "B டிரைவுக்கான வட்டைப் போடுங்கள்" என்று திரையில் சொல்லும். நாம் அதே டிரைவில் வேறு வட்டை மாற்றிப் போட வேண்டும். ஆக, இல்லாத டிரைவ் ஒன்று தனிநபர் கணிப்பொறியின் தொடக்க நாளிலிருந்தே கூடவே வந்திருக்கிறது! முதல் வன்வட்டுக்கு C என்ற எழுத்து வாய்த்ததற்கும் இதுவே காரணம். நெகிழ்வட்டுகள் போய்ப் பல ஆண்டுகள் ஆகியும் அந்த C மாறவில்லை.

இன்றைய ஆவிகள் பல வகை. விண்டோஸ் 8 முதல், ஐ.எஸ்.ஓ. கோப்பு ஒன்றை இருமுறை சொடுக்கினாலே போதும், ஒரு டி.வி.டி. டிரைவ் தோன்றிவிடும். அட்டை படிக்கும் கருவியின் காலித் துளைகள் ஒவ்வொன்றும் ஓர் எழுத்தைப் பிடித்துக்கொள்ளும். 2018 ஏப்ரலில் வந்த விண்டோஸ் 10 மேம்பாட்டுக்குப் பின், உலகெங்கும் பலருடைய கணிப்பொறிகளில் ஒரு புது டிரைவ் தோன்றி, "இடம் தீர்ந்துவிட்டது" என்று ஓயாமல் எச்சரித்தது. அது வைரஸ் அல்ல. பழுது நேர்ந்தால் கணிப்பொறியை மீட்க உதவும் சிறு பகுதி அது. எப்போதும் மறைந்திருக்க வேண்டிய அதற்குத் தவறுதலாக ஓர் எழுத்துக் கிடைத்துவிட்டது, அவ்வளவுதான். அதை 'பார்மட்' அடித்தவர்கள், ஆபத்துக்கு உதவும் மாற்றுச் சாவியைத் தாங்களே குப்பையில் எறிந்தார்கள்.

சரி, ஆவியை எப்படி விசாரிப்பது? நேற்று இல்லாத எது இன்று செருகப்பட்டிருக்கிறது, எது நிறுவப்பட்டிருக்கிறது என்று முதலில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு செருகியவற்றை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள். ஒரே நேரத்தில் இரண்டைப் பிடுங்கினால் எது காரணம் என்று தெரியாமல் போகும். (பென்டிரைவாக இருந்தால் 'எஜெக்ட்' கொடுத்த பிறகு!) அப்போதும் போகவில்லையா? விண்டோஸில் 'டிஸ்க் மேனேஜ்மெண்ட்' என்ற பகுதியைத் திறந்து பாருங்கள். எந்த எழுத்து எந்த வட்டில், எத்தனை மெகாபைட் இடத்தில் இருக்கிறது என்று படமாகவே தெரியும். அங்கே அந்த எழுத்தே காணப்படவில்லை என்றால், அது வலையமைப்பில் உள்ள வேறொரு கணிப்பொறியின் பகுதியாகவோ, ஒரு கோப்புறைக்கு வைத்த மறுபெயராகவோ இருக்கக்கூடும். தேவையற்ற எழுத்தை மட்டும் அங்கிருந்தே நீக்கிவிடலாம். உள்ளே இருப்பது அழியாது. ஆனால் C மீது கை வைக்காதீர்கள்.

பெரிய விஞ்ஞானிகளும் இப்படித்தான் தேடுகிறார்கள். 2011 செப்டம்பரில், ஜெனீவாவிலிருந்து இத்தாலிக்கு 730 கிலோமீட்டர் தூரம் நிலத்தடியே சென்ற நியூட்ரினோ துகள்கள், ஒளியைவிட 60 நானோ விநாடி முன்னதாக வந்து சேர்ந்தன என்று 'ஓபரா' ஆய்வுக் குழு அறிவித்தது. ஐன்ஸ்டீன் தோற்றார் என்று பத்திரிகைகள் எழுதின. அந்தக் குழு தன் கருவிகளை ஒவ்வொன்றாக ஆராய்ந்தது. 2012இன் தொடக்கத்தில், சரியாகத் திருகப்படாத ஓர் ஒளியிழைக் கம்பி இணைப்பு அகப்பட்டது. அதைச் சரி செய்ததும் ஒளியை மிஞ்சிய வேகம் மறைந்தது. மேசைக்கு அடியில் குனிந்த எங்கள் மாணவன் செய்ததும் இதே வேலைதான். அவனுக்குச் செலவு குறைவு!

இதில் ஆபத்தும் இருக்கிறது. செருகிய பொருள் சொன்னதைக் கணிப்பொறி நம்புகிறது என்றேன் அல்லவா? 2014இல் கார்ஸ்டென் நோல், யாகோப் லெல் என்ற இரு ஜெர்மானிய ஆய்வாளர்கள், பென்டிரைவ் ஒன்றை "நான் விசைப்பலகை" என்று பொய் சொல்ல வைத்து, கணிப்பொறியில் தானாகவே கட்டளைகளைத் தட்டச்சு செய்ய வைத்துக் காட்டினார்கள். அதற்கு முன்பே, 2010இல் வெளிச்சத்துக்கு வந்த 'ஸ்டக்ஸ்நெட்' என்னும் நச்சு நிரல், யு.எஸ்.பி. வழியாகவே தொழிற்சாலைக் கணிப்பொறிகளுக்குள் நுழைந்தது. ஓசூர் சிப்காட்டில் எந்திரம் இயக்கப் போகும் உங்களில் பலருக்கு, தோன்றிய டிரைவ் எது என்று கேட்பது நாளை வேலையின் ஒரு பகுதியாக இருக்கும்.

அந்தத் தொழிற்சாலைகளில் எந்திரம் நின்றால் யாரும் அதை உருக்கி மறுபடி வார்ப்பதில்லை. "ஏன் நின்றது?" என்று கேட்டு, வந்த விடைக்கும் "ஏன்?" என்று கேட்டு, ஐந்து முறை வரை போவது ஜப்பானியர் வகுத்த முறை. தர மேலாண்மைக்கு ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை, ஓசூரில் எந்திரங்களை ஓட்டும் டி.வி.எஸ். மோட்டார் நிறுவனம் 2002இல் பெற்றது. இதைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, நம் பள்ளிக் கணிப்பொறி அறையில் மட்டும் "தொடாதே, மெக்கானிக் வரட்டும்" என்று சொல்லுகிறோம். இது எனக்குச் சரியாகப் படவில்லை. தவறாக நடக்கும் கணிப்பொறி ஒன்றை, அதில் முக்கியமான கோப்பு ஏதும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு, வாரம் ஒரு மணி நேரம் மாணவர்களிடம் விட்டுவிட வேண்டும் என்பேன். தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் பத்து வரையறைகள் குறைந்தாலும் நஷ்டமில்லை.

கடைக்காரர்களை மட்டும் குறை சொல்லவும் மாட்டேன். காரணம் தேட மூன்று மணி நேரம் ஆகலாம். 'பார்மட்' அடிக்க அரை மணி போதும். கூலி இரண்டுக்கும் ஒன்றுதான். ஆனால் அந்த அரை மணியின் விலையை ஒரு மாணவி கொடுத்ததை நான் பார்த்தேன்.

அவளுடைய மடிக்கணினியில் விண்டோஸோடு லினக்ஸும் இருந்தது. 2011இல் தொடங்கிய தமிழ்நாடு அரசின் இலவச மடிக்கணினித் திட்டத்தின் தொடக்கக் காலப் பெட்டிகளிலும் இப்படி இரண்டும் சேர்ந்தே வந்தன. அவளுடையதில் லினக்ஸை அண்ணன் பின்னாளில் போட்டுத் தந்திருந்தான், பழைய மென்பொருள் ஒன்றைக் கொண்டு. வட்டின் ஒவ்வொரு பிரிவுக்கும் "இது இன்ன வகை" என்று ஓர் அடையாளக் குறி உண்டு. 2011 வாக்கில் லினக்ஸுக்கெனத் தனிக் குறி வரும் வரை, புதுவகை வட்டுகளில் அது விண்டோஸின் குறியையே பயன்படுத்தி வந்தது. பழைய மென்பொருளும் அந்தக் குறியையே இட்டுவிட்டது. எனவே விண்டோஸ் அதைத் தன் பிரிவு என்று எண்ணி F என்று பெயர் சூட்டியது. திறக்கப் பார்த்தது, எழுத்து புரியவில்லை. "இந்த டிரைவைப் பயன்படுத்த வேண்டுமானால் பார்மட் செய்ய வேண்டும்" என்று திரையில் கேட்டது. அவள் பயந்துபோய் ஒரு கடைக்கு எடுத்துச் சென்றாள். கடைக்காரர் "ஆம்" என்ற பொத்தானை அழுத்தினார். புது டிரைவ் என்று அவர் நினைத்த அந்த இடத்தில்தான் அவளுடைய ஆறு மாதச் செயல்திட்டம் முழுவதும் இருந்தது.

நல்ல வேளையாக, விரைவு 'பார்மட்' புத்தகத்தின் பொருளடக்கத்தைத்தான் பெரும்பாலும் கிழிக்கிறது. பக்கங்கள் உடனே அழிவதில்லை. "இனி அந்த மடிக்கணினியில் ஒரு வரிகூட எழுதாதே" என்று சொல்லிவிட்டு, மீட்பு மென்பொருள் ஒன்றைப் பென்டிரைவிலிருந்து ஓட்டினோம். ஆயிரக்கணக்கான கோப்புகள் வந்தன. ஒன்றுக்கும் பெயரில்லை, வெறும் எண்கள். மூன்று நாள் அவளும் இரண்டு தோழிகளும் ஆய்வுக்கூடத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தார்கள். அறிக்கை கிடைத்தது. அளவீட்டு அட்டவணைகளில் பாதி கிடைத்தன. மீதிப் பாதியை அவள் மறுபடி அளந்துகொண்டிருந்தபோது தேர்வுக்குப் பதினோரு நாள்தான் இருந்தது.